முழங்கால் உயரத்தில் மெழுகுவத்தி

இடம் மாறினால் மனசு மாறும் என்று சொன்னது டாக்டர். இடத்தைத் தேடிப் பிடித்தது நான். வியன்னாவிலிருந்து வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தது என் கணவன் ஏகோன்.

மார்ச் மாதம் ஒரு பெண் அவன் ஓட்டிய ரயிலின் முன்னால் வந்து நின்றாள். அவனும் பிரேக் போட்டான். ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவன் "நல்லாத்தான் இருக்கேன்" என்றான். அதிலிருந்து டாக்டரிடம், அவன் அக்காவிடம், என்னிடம் எல்லாம் அதே பல்லவிதான். வேலைக்குப் போகவில்லை, குப்பை கொட்டக்கூடப் படி இறங்கவில்லை. தூக்க மாத்திரையை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நானும் நன்றாகத்தான் இருப்பதுபோல் நடமாடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த கிராமத்து விடுதிக்கு வந்து சேர்ந்தோம். திராட்சை பறித்து முடிந்திருந்தது. தெரு முழுக்கப் புளித்த வாசனை. அவசரமில்லாமல் இருப்பதற்கென்றே காசு கொடுத்து வந்தவர்கள் நாங்கள், அதனால் சனிக்கிழமை மெதுவாக எழுந்து, மெதுவாகத் தின்று, மெதுவாகத் தோட்டத்துக்குள் நடந்தோம். மஞ்சளும் சிவப்புமாக இலைகள் கொட்டிக் கிடந்தன. அழகுதான், யார் இல்லை என்றது? என் கண்ணில் பட்டதெல்லாம் மூடியில்லாத கிணறும் செங்குத்தான மேடும்தான். மேட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் ஏதோ ஆசை வந்தவள்போல அவன் கையைக் கோத்துக்கொண்டேன். அவனும் விட்டுக்கொடுத்தான்.

மதியத்துக்கு மேல் விடுதிக்கார ஹெர்மா எங்களை வாசல் பெஞ்சியில் உட்கார வைத்தாள். என் வயதுதான் இருக்கும், வாய் ஓயாதவள். கருப்பு ரொட்டி, பன்றிக் கொழுப்பு, உடைத்த வால்நட், ஒரு ஜாடி நிறையப் புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும் புதுத் திராட்சைச் சாறு. அதற்கு எங்கள் பக்கத்தில் புயல் என்று பேர். ஏகோன் பழக்கதோஷத்தில் கோப்பையை என் கோப்பையோடு இடிக்க வந்தான்.

"இடிக்கக் கூடாது. இது இன்னும் ஒயின் ஆகல," என்றாள் ஹெர்மா. "நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்குப் பாதிரியார் வந்து மந்திரிக்கணும். அப்புறம்தான் இதுக்கு மரியாதை."

"அதுவரைக்கும்?" என்றேன்.

"அதுவரைக்கும் வயித்தக் கலக்கும். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்."

ஏகோன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

ஜாடி காலியானதும் மறுபடி நிரப்பி வர ஹெர்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். எதிர்ச்சாரியில்தான் சாறு பீப்பாய்கள் இருக்கும் அவளுடைய நிலவறை, மலையைக் குடைந்து செங்கல் படி வைத்தது.

"ஏறி இறங்குறதுதான் எனக்கு ஆக மாட்டேங்குது. காலைலேர்ந்து கீழ காத்தாடி ஓடுது, இருந்தாலும் மெழுகுவத்தி இல்லாம இறங்க மாட்டேன். சாறு பொங்குறப்ப மூச்ச அடைக்கிற ஒரு காத்த விடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தரையோட கிடக்கும். பக்கத்து ஊர்ல அப்பனும் மகனும் ஒண்ணா போயிட்டாங்க. மெழுகுவத்திய முழங்கால் உயரத்துல பிடிச்சுட்டே போகணும். அணைஞ்சா அடுத்த படி கிடையாது, திரும்பிடணும்."

"நான் போறேன்," என்றான் ஏகோன்.

மார்ச்சுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. இப்போது வந்தது, இதற்காகவா வர வேண்டும்?

"நீ உக்காரு. நான் போறேன்," என்றேன்.

"உனக்கு இருட்டுன்னாலே ஆகாதே."

"ஆம்பள ஒருத்தர் வேலை செய்யக் கெளம்புறார், தடுக்குறீங்களே," என்று ஹெர்மா என் தோளில் தட்டினாள். "எப்பவாவதுதான் நடக்கும்மா இது."

வேற்று மனுஷி முன்னால் நான் என்னத்தைச் சொல்ல? மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு, ஜாடியை இடுக்கிக்கொண்டு அவன் போனான். பின்னாலேயே போய் நிலவறை வாசலில் நின்றேன். சுவரில் மஞ்சள் வெளிச்சம் ஆடியபடி கீழே கீழே போயிற்று. பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளிச்சம் போய்விட்டது. பூட்ஸ் சத்தமும் நின்றது.

திரும்பி ஏறும் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். வரவில்லை.

"ஏகோன்."

வாயைக் கைகளால் குவித்துக்கொண்டு மறுபடி கத்தினேன்.

"ஏகோன், மேல வா."

அப்புறம் நான் யோசிக்கவில்லை. "இறங்காதீங்க" என்று ஹெர்மா பின்னால் கத்தியது கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டே வேகமாக இறங்கினேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் நெஞ்சில் பட்டு நிறுத்தியது. அவன்தான். என்னைத் திருப்பி, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே மேலே வந்தான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"அணைஞ்ச உடனே ஏன் வரல?"

"காத்தாடி பிளக் கழண்டு கெடக்கு, பாவி நான்," என்று ஹெர்மா சுவர் மூலையிலிருந்து சொன்னாள். எங்கள் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏகோன் வாசற்படியில் உட்கார்ந்தான். காலி ஜாடியை இன்னும் விடவில்லை.

"மாத்திரை மாவு டப்பால இருக்குன்னு எனக்குத் தெரியும், ரோஸ்வித்தா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அணைஞ்சுது. திரும்பணும்னு தெரியும். ஆனா நின்னேன். அமைதியா இருந்துச்சு. ஹாரன் சத்தம் கேக்கல. அந்தப் பொண்ணு மூஞ்சி வரல. நீ கூப்பிட்டதுகூட யாரையோ கூப்பிடுற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் படியில உன் செருப்புச் சத்தம். இவ நிக்க மாட்டா, நேரா வந்துடுவான்னு தெரிஞ்சுச்சு." ஜாடியைக் கீழே வைத்தான். "அன்னிக்கு என்னால நிறுத்த முடியல. இன்னிக்குக் கைய நீட்டினேன், நீ நின்னுட்ட."

நான் அழுதேன். அவன் என் தலையைத் தடவினான்.

டாக்டர் தன் சொந்த நம்பரைக் கொடுத்து, எந்த நாளானாலும் கூப்பிடச் சொல்லியிருந்தார். போனில் அதை அழுத்தி அவன் கையில் கொடுத்தேன்.

"நீயே சொல்லு."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். "நான் ஏகோன் பேசறேன். நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். என் செருப்பைப் பார்த்தான். ஒன்று மட்டும்தான் இருந்தது, இன்னொன்று கீழே படியில் எங்கேயோ கிடந்தது.

"இல்ல டாக்டர்," என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.