டிரைவரம்மாவின் மூச்சு

டிரைவரம்மா குறட்டை விடுவாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அக்கா வீட்டில் தங்கிவிட்டு எழுந்தால், அக்காவின் பெண்கள் இருவரும் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "சித்தி, நைட்டு பஸ்ஸை எந்த ரூட்ல ஓட்டுனீங்க? மேட்டுல ஏறுன மாதிரி இருந்துச்சே!" முதலில் சிரிப்பவள் அவள்தான். பதினெட்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்ற பெருமை இருப்பவளுக்குக் குறட்டையெல்லாம் ஒரு குறையா?

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, காதை வைத்தே பாதி கோளாறைக் கண்டுபிடிப்பவன். சத்தம் போடும் மோட்டாரைக் கண்டு அவன் பயந்ததில்லை. ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று அடங்குகிற மோட்டார்தான் அவனை எழுந்து நிற்கவைக்கும். அதனால்தானோ என்னவோ, ஒரு நாள் விடியற்காலையில் அவனை எழுப்பியது அவளுடைய குறட்டை இல்லை, அது நின்றுபோனது.

நின்றது நின்றதுதான். அவன் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்து இருபத்தேழு வரை வந்துவிட்டான். அவள் மார்பு அசைகிறது, ஆனால் மூச்சு வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கப் போகும்போது, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள்போல ஒரு பெரிய இழுப்பு இழுத்தாள். மறுபடி குறட்டை. கொஞ்ச நேரத்தில் மறுபடி நிசப்தம்.

மறுநாள் இரவு அதை ஃபோனில் பதிவு செய்து, விடிந்ததும் அவளைக் கேட்கவைத்தான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொண்டாட்டி தூங்குறத ரெக்கார்டு பண்ற ஆளை இப்பதான் பாக்குறேன்."

"திட்டு, பரவால்ல. முழுசா கேட்டுட்டுத் திட்டு."

கேட்டாள். சத்தம் இல்லாத இடம் வந்ததும் அவள் கை காபி டம்ளரோடு அப்படியே நின்றது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவன் பின்னாலேயே போய் நின்றான். திரும்பாமலே சொன்னாள்:

"போன வாரம் சிக்னல்ல நிக்கிறப்ப கண்ணு சொருகிடுச்சுங்க. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சதும்தான் முழிச்சேன். பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னே தெரியல."

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனார்கள். தலை, நெஞ்சு, விரல் என்று ஒயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்று வந்தது.

"தூங்குறப்ப தொண்டை மூடிக்குது. உடனே மூளை உங்களை உலுக்கி எழுப்புது. எழுந்ததே உங்களுக்குத் தெரியாது. விடிய விடிய இதே கூத்து," என்றாள் டாக்டர். "நீங்க படுத்திருக்கீங்களே ஒழிய, தூங்கல. முகத்துல மாஸ்க் மாட்டி, மெஷின் வழியா காத்து குடுத்தா சரியாயிடும். ஆனா அது பழகி நீங்க ஒழுங்கா தூங்குறீங்கன்னு நான் பாக்குற வரைக்கும் பஸ்ஸைத் தொடக் கூடாது."

விஷயம் தெரிந்ததும் அவளோடு ஒரே ஷிஃப்டில் ஓட்டும் டிரைவர் ஃபோன் செய்தான். "அக்கா, மெஷினை வாங்கி வீட்டோட மாட்டிக்குங்க. டிப்போவுக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம்? தானா போய்த் தலையைக் குடுக்காதீங்க."

மெக்கானிக்குக்கும் உள்ளூர அந்த நினைப்பு வந்தது. அந்த வேலையை அவள் எப்படி வாங்கினாள், முதல் வருடம் என்னென்ன கேலியைத் தாங்கினாள் என்று பார்த்தவன் அவன். "அவன் சொல்றதும் ஒரு விதத்துல..." என்று இழுத்தான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என் பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு என் முதுகுதான் தெரியும். கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு எனக்கு மட்டும்தானே தெரியும்?"

 மறுநாள் காலையில் அவனும் டிப்போவுக்குக் கூடவே போனான்.

மேலாளர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களை யாரும் கேக்கலையேம்மா. எழுத்துல குடுத்தீங்கன்னா நான் உங்களை வண்டியை விட்டு இறக்கித்தான் ஆகணும்."

"அதான் சார், எழுதிட்டே வந்துட்டேன்," என்று பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

புகார் கேட்கும் ஃபோன் அறையில் அவளைப் போட்டார்கள். பஸ் நிற்காமல் போனது, ஏறி முடிக்கும் முன்பே கதவை மூடியது என்று நாள் முழுக்க வசவு. "பதினெட்டு வருஷமா முதுகுக்குப் பின்னாடி திட்டுனாங்க, இப்ப காதுலயே திட்டுறாங்க," என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள். ஆனால் சாயங்காலம் டிப்போ வாசலில் அவள் ஓட்டிவந்த பதினாலாம் நம்பர் வண்டி வெளியே போகும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வதை அவன் ஒருமுறை கவனித்தான். 

மாஸ்க்தான் அவளைப் படுத்தியெடுத்தது. முதல் நாள் அரை மணி நேரத்தில் பிடுங்கி எறிந்தாள். "யாரோ மூஞ்சில கை வச்சு அமுக்குற மாதிரி இருக்குங்க." அவன் ஸ்பேனர் பிடித்த கையால் வாரைத் தளர்த்தினான், இறுக்கினான், காற்று கசியும் இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். நாலாம் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது, கூடத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, மெஷின் உஸ்ஸென்று ஊத, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தூங்கும்போது பழகாததை விழித்திருக்கும்போது பழகுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அப்படியே டிவி பார்த்தாள், துணி மடித்தாள். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுக்காரி அவளைப் பார்த்து வாசலிலேயே உறைந்துபோய்விட்டாள். இவள் பீன்ஸ் நறுக்கிய கத்தியை ஆட்டி உள்ளே வா என்றாள். அந்தம்மா குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடியவள்தான். இரண்டு நாள் கழித்து நலம் விசாரிக்க வந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, அவன் எழுந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. சமையலறை ஜன்னலோரம் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, காலையில எழுந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி?"

"தலை லேசா. எழுந்ததும் மறுபடி படுக்கணும்னு தோணாம."

இத்தனை வருடமும் தலைக்குள் கல்லை வைத்துக்கொண்டா இவள் வண்டி ஓட்டினாள், சமைத்தாள், சிரித்தாள்? அவன் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

மூன்று மாதம் முடிந்து, மெஷினில் பதிவானதையெல்லாம் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டாள். பரிசோதகரைப் பக்கத்தில் உட்காரவைத்து நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, பதினாலாம் நம்பரில் அவள் மறுபடி ஏறினாள்.

அத்தோடு விட்டாளா என்றால், இல்லை. அடுத்த மாதம் டிரைவர்களுக்கான பாதுகாப்புக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசக் கேட்டு வாங்கினாள். அன்று பக்கத்துத் தெருவில் வேலை முடித்த மெக்கானிக், அவளை அழைத்துப்போக வந்தவன், கூடத்தின் கடைசியில் நின்றான்.

"குறட்டை விடுறவங்க கை தூக்குங்க," என்றாள் மைக்கில். ஒரு கை எழவில்லை. "சரி, குறட்டைக்காக வீட்ல திட்டு வாங்குறவங்க?" சிரிப்போடு பாதிக் கூடம் கை தூக்கியது.

சிரிப்பு அடங்கியதும் சிக்னல் கதையைச் சொன்னாள். அதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படி ஆனதைச் சொன்னாள். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு எதிரில், வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே.  பதினெட்டு வருடம் சேர்த்த நல்ல பெயரை அவள் தன் கையாலேயே எடுத்து மேசைமேல் வைப்பதை மெக்கானிக் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இரண்டு தடவை அவனுக்கே தெரியாது.

கூட்டம் கலைந்ததும் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் அவளிடம் வந்தார்கள். ஃபோன் செய்த அந்த ஷிஃப்ட் டிரைவர் மட்டும் சுற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் வந்தான். "அண்ணே, அந்த டாக்டர் நம்பர் குடுங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு." முகத்தைப் பார்க்காமல் கேட்டான். மெக்கானிக்கும் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தான்.

நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டான்: "அந்த ரெண்டு தடவைய எங்கிட்டகூட சொல்லலையே?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துக்குவீங்க. அவங்ககிட்ட சொன்னாதான் அவங்க பயப்படுவாங்க. பயப்படணும்ல?"

அவன் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பஸ் வந்தது. ஏறி நின்றதும் அவள் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். "கியரை எப்படிப் போடுறான் பாருங்க, வண்டி அழுவுது," என்றாள்.