டிவி சத்தம்

வெளிநாட்டு சிம்பொனி இசைக்குழு ஒன்றின் முழு சீசனையும் இணையத்தில் பார்க்க பிரீத்திகா பதிவு செய்திருந்தாள். அவள் மாமனார் பலவேசம் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர். அவருக்கு சீசன் என்றால் ஒன்றுதான்.

"தீபாவளிக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு. இப்ப என்னம்மா சீசன்?"

"கச்சேரி சீசன் மாமா. மொத்தம் பன்னிரண்டு."

சனிக்கிழமை பகலில் முதல் கச்சேரியைப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். நெடுநேரம் வயலின்கள் மட்டும் முனகின. திடீரென்று பெருமுரசை ஓங்கி அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடித்த மனிதர் சாவகாசமாகக் கோலைக் கீழே வைத்தார்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ராக்காயி சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடினாள். அவள் புருசன் முனியசாமிக்குத் தாயில்பட்டியில், வெடிக்கு மருந்து அடைக்கும் வேலை. தெருவே வெளியே வந்து வானத்தில் புகையைத் தேடியது. "எந்தக் கம்பெனி?" என்று ஆளாளுக்குப் போன் போட்டார்கள். பலவேசம் மொட்டைமாடியில் நின்றார்.

டிவி சத்தம்தான் என்று பிரீத்திகா வந்து சொன்னாள். யாரும் திட்டவில்லை.

"நல்லா பயமுறுத்துனீக போங்க" என்று ராக்காயி சிரித்தாள்.

நான்கைந்து கச்சேரிகளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. முரசு அதிர்ந்தால் ராக்காயி தலையைக்கூடத் திருப்புவதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணாடி அதிர்ந்தது. ராக்காயி குனிந்தபடியே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வெள்ளனவே கச்சேரிய வச்சிட்டீகளாம்மா?"

பிரீத்திகா அவளுக்கு எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிவி அணைந்து கிடந்தது.