எண்ணெய் ஊறும் நேரம்

"லைட்டைக் கீழ புடி. கீழன்னா கீழ! போல்ட்டு என்ன வானத்துலயா இருக்கு?"

அவள் டார்ச்சைத் தாழ்த்தினாள். காரின் பின்பக்கம் இரண்டு இரும்பு முட்டுகளின் மேல் ஏறி நின்றது. கழற்றிப் போட்ட சக்கரத்தின் மேல் அவள் உட்கார்ந்திருக்க, அவள் கணவர் இடுப்பு வரைக்கும் வண்டிக்கடியில் கிடந்தார். இடது பக்கத்து ஷாக் அப்சார்பரைக் காலையிலேயே மாற்றியாகிவிட்டது. வலது பக்கத்துக் கீழ் போல்ட் துருப்பிடித்து இறுகி, ஒன்றரை மணி நேரமாக அவரைப் பாடாய்ப் படுத்தியது. அவர் அவளைப் படுத்தினார்.

இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் கார் வேலை என்றால் இதே கூத்துதான். ஸ்பானர் வழுக்கினால் லைட் ஆடியதுதான் காரணம். போல்ட்டின் தலை மழுங்கினால் அவள் நடுவில் பேசியதுதான் காரணம்.

நாலு மணிக்கு வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவள் ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நீட்டினாள்.

"வேலையா இருக்கேன். உங்கம்மா லைட்டு புடிக்கிற லட்சணத்துக்கு இன்னிக்கு முடியாது" என்றார். மகள் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

பிறகு அவர் துரு விடுவதற்கான எண்ணெயைப் போல்ட்டில் பீய்ச்சினார். "இது ஊறட்டும். நானா கேக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காத."

அவள் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் தொண்டையிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. சலித்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். ஸ்பானர் தரையில் விழுந்தது. கோபம் வந்தால் சாமானை எறிவது அவர் வழக்கம்; எடுத்துக் கொடுக்கப் போனால் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு வலது பாதம் மெல்லச் சாய்ந்தது. கண்ணயர்ந்துவிட்டார் போல. எழுப்பினால் ஏன் எழுப்பினாய் என்பார், எழுப்பாவிட்டால் ஏன் எழுப்பவில்லை என்பார். எப்படியும் திட்டு நிச்சயம். சும்மா இருந்தாள்.

டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தாள். திட்டு வரவில்லை. காலை நீட்டிக்கொண்டாள். பக்கத்து மாடியில் யாரோ துணி உதறுவதைப் பார்த்தாள். கார் கதவில் தலையைச் சாய்த்து, வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தாள்.

நாலே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஏணி கேட்டு வந்தார். "என்ன சார், வண்டிக்கடியிலயே குடித்தனமா?"

"உஷ்! எண்ணெய் ஊறுது" என்றாள் அவள்.

எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். அப்புறம் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார்.

"மாரடைப்பு. அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். எப்ப ஆச்சு?" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"இப்பதான் சார், இப்பதான்" என்று எலக்ட்ரீஷியன் முந்திக்கொண்டார். அவளும் தலையாட்டினாள். உண்மை தெரிந்தால் மகள் இந்த ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்க மாட்டாள். அவளுக்கென்று மிச்சம் இருப்பது அந்த மகள் ஒருத்திதான்.

மறுநாள் காலை அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "கொடுத்து வச்சவன் என் தம்பி. நொடியில போயிட்டான். பொண்டாட்டி பக்கத்துலயே இருந்திருக்கா, யாருக்கு வாய்க்கும்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். வாசலில் கார் முட்டுக் கொடுத்தபடியே நின்றது. வந்தவர்கள் அதன்மேல் பையையும் குடையையும் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

மகள் அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் பேசினது நாலு மணிக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினது நாலு அம்பதுக்கு."

"ம்."

"நடுவுல அப்பா உன்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல."

"நீ கூப்பிட்டா திட்டுவாருன்னு பயந்துட்ட. அதானே? சொல்லும்மா. நானும் அவருக்கு லைட்டு புடிச்சவதான், எனக்குப் புரியும்."

தப்பிக்கிற வழியை மகளே திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதில் பாதிக்குப் பாதி உண்மையும்கூட. ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள்.

"நிம்மதியா இருந்துச்சுடி."

மகள் தன் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று, அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி இறுக்கிக் கட்டினாள்.

"எங்கடி போனீங்க ரெண்டு பேரும்? வந்தவங்க தேடறாங்க" என்று கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

"நான் வரேன் அத்தை" என்று மகள் மட்டும் போனாள்.

மெத்தையில் மகள் உட்கார்ந்திருந்த இடத்துப் பள்ளம் மெதுவாக மேலெழும்பிச் சமமாகிக்கொண்டிருந்தது.