வெள்ளரிக்கு ஒரே வாளி

கோடையில் பொதுத் தோட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது: ஒரு பாத்திக்கு நாளைக்கு ஒரே வாளி தண்ணீர். தையல்காரி ஒருநாள் வாடிய தக்காளிக்குக் கூடுதலாக ஒரு வாளி ஊற்றிவிட்டாள். பக்கத்துப் பாத்திக்காரியான அவளுடைய ஓரகத்தியே போய்க் காவலாளியிடம் போட்டுக்கொடுத்தாள். தண்டனையாகக் குழாயடிக்கே வரக்கூடாது என்றார்கள். பூவும் பிஞ்சுமாக இருந்த தக்காளி மொத்தமும் கருகியது. தையல்காரிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

குழாயடிக்கு வரக்கூடாது என்ற தடை நீங்கிய சமயத்தில் ஓரகத்தி, மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள்.

“அக்கா, என் வெள்ளரிக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும். வீட்ல பாத்திரம் கழுவுற தண்ணியையும் சேத்து ஊத்துங்க, இல்லன்னா தாங்காது.”

“நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா போயிட்டு வா.”

தினமும் போனாள். வெள்ளரிக்கு ஒரே வாளி ஊற்றினாள். வீட்டுத் தண்ணீரைத் தன் கீரைக்குக் கொட்டினாள். வெள்ளரி இலை தொங்குவதை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

ஓரகத்தி வந்தபோது பந்தலில் காய்ந்த கொடிதான் தொங்கியது.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“சட்டப்படி ஒரு வாளி ஊத்தினேன். சந்தேகம்னா காவலாளிகிட்டயே போய்க் கேளு.”

தையல்காரி குனிந்து கீரை பறிக்கத் தொடங்கினாள். பல நாளைக்குப் பிறகு அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.