ஞானஸ்நானம் கொடுத்தவர்

ஏலாக்குறிச்சிக்கு அருகே ஒரு பங்குக்கோயில், 1983. பெண்களின் வேலைகளைப் பற்றி ஆராய வந்த பிலோமினாவிடம் உபதேசியார் அடைக்கலசாமி பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை வேண்டாவெறுப்பாக நீட்டினார்.

"பொம்பளைங்க சேதி இதுல என்னம்மா இருக்கப்போவுது? எல்லாம் சாமியாருங்க எழுதுனது."

பிலோமினா 'கொடுத்தவர்' என்ற பத்தியில் மட்டும் விரலை ஓட்டினாள். சாமியார்களின் பெயர்களுக்கு நடுவே மருத்துவச்சி இன்னாசிமேரி திரும்பத் திரும்ப வந்தாள். பிழைக்காது என்று தோன்றிய குழந்தைகளுக்குச் சாமியார் வரும்வரை காத்திராமல் அவளே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். நாற்பத்தொரு குழந்தைகள்.

ஒரு வரியைப் பிலோமினா நிதானமாக வாசித்தாள். "1922, மாசி. அந்தோணி மகன் அடைக்கலசாமி. கொடுத்தவர் மருத்துவச்சி இன்னாசிமேரி. இது நீங்கதானுங்களா ஐயா?"

உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இருமுறை பார்த்தார். பிறகு, மற்ற புத்தகங்கள் இருந்த பீரோவின் சாவியை அவள் கையில் கொடுத்தார்.