ஒரு பூட்டு, இரண்டு பேர்

"உன் பூட்டு தொங்குதில்ல, அது போதும் மாப்ள. நமக்குள்ள எதுக்கு ரெண்டு பூட்டு? ஒரே குடும்பம்தானே!"

சொல்லிக்கொண்டே மச்சான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆவண அறைக்குள் போனார். காகிதம் நனையக் கூடாதென்று அந்த அறையில் தீயணைக்கத் தண்ணீர் வைக்கவில்லை. தீப்பிடித்தால் உருளைகளிலிருந்து வாயு பாயும். தீ மூச்சுமுட்டி அணையும். உள்ளே ஆள் இருந்தால் அவர் கதியும் அதேதான். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் கீழ்த்தளத்தில் வாயுக் கைப்பிடியை மூடி, அதில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

துளைக்கருவிக்கு வேறு முனை எடுக்க மைத்துனன் வண்டிக்கு இறங்கினான். போகிற வழியில், கைப்பழக்கத்தில், பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பூட்டில்லாத கைப்பிடியைக் கண்ட காவலாளி, வேலை முடிந்ததென்று முறைப்படி திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மைத்துனன் திரும்பி வந்தபோது நடைகூடத்தில் மணி அலறிக்கொண்டிருந்தது. துளைத்த தூசியைப் புகையென்று எண்ணிவிட்டது தீ உணரும் கருவி. கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. சுவரில் சிவப்பு விளக்கு. வாயு வரப்போகிறது!

பாய்ந்துபோய், வாயுவை நிறுத்திவைக்கும் சுவர்ப் பொத்தானை அழுத்தினான். அழுத்தியிருக்கும்வரைதான் வாயு காத்திருக்கும். கதவோ கைக்கெட்டாத தூரத்தில்.

"மச்சான்! வெளிய வாங்க!"

டர்ர்ர் என்று துளைக்கும் சத்தம்தான் பதில். கூரை வேலைக்கு இடைஞ்சலென்று உள்மணியைக் காலையில் அவர்களே கழற்றி வைத்திருந்தார்கள்.

"காவல்காரண்ணே! யாராவது வாங்களேன்!"

யாரும் வரவில்லை. இடது கையால் மச்சானுக்குப் போன் போட்டான். வெட்டிவிட்டார். மறுபடியும் போட்டான். மறுபடியும் வெட்டினார். அக்காவுக்குப் போட்டான்.

"அக்கா, மச்சானுக்கு போன் பண்ணு. நான் பண்ணினா எடுக்க மாட்டேங்கறார்."

"மறுபடியும் சண்டையா? உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்தத் தீர்க்கறதுக்கே என் தலையில எழுதியிருக்கு..."

"அக்கா! உடனே வெளிய வரச் சொல்லு. நான் விரல எடுத்தா அவர் செத்துருவார்!"

மறுகணமே அக்கா இணைப்பைத் துண்டித்தாள்.

வியர்வையில் பொத்தான் வழுக்கியது. உள்ளே சத்தம் நின்றது. போனை எடுத்துவிட்டாரா? இல்லை, மறுபடியும் டர்ர்ர். அவன் உடம்பு முழுவதையும் அந்த விரலின்மேல் சாய்த்தான். "எடுங்க மச்சான், அவ கூப்பிட்டா எடுப்பீங்களே, எடுங்க..."

சத்தம் நின்றது.

கதவு திறந்தது. காதில் போனோடு மச்சான் வந்தார். "ஏன் அழற? விஷயத்தச் சொல்லிட்டு அழு... இதோ, வெளியதான் நிக்கறேன்..."

அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கைப் பார்த்தார். மைத்துனன் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டு?"

"எடுத்துட்டேன் மச்சான். தெரியாம..."

விரல் நழுவியது. சுவருக்குள் ஏதோ சீறிக் கிளம்பியது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைப் புகை எழுந்து ஏணியின் ஒவ்வொரு படியாக விழுங்கிக்கொண்டே போனது.

"என்னங்க, என்ன சத்தம் அது? பேசுங்களேன்!"

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்து போனை நீட்டினார்.

"இங்கதான் இருக்கார் அக்கா," என்றான் மைத்துனன். அவள் நம்பவில்லை. அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான்: "என் பக்கத்துலதான் இருக்கார்."