ஜன்னல் பக்கத்துக் கால்கள்

முனிஸா வீட்டில் அந்த வருடம் சந்தலிக்கு முதல் கங்கு போட்ட அன்று, போர்வைக்கு வெளியே இரண்டு பெண்கள் இருந்தார்கள். போர்வைக்கு உள்ளே ஆறு கால்கள் இருந்தன. அன்று சந்தையில் வெங்காயம் கொஞ்சம் மலிந்திருந்தது, முலாம்பழம் ஏறியிருந்தது. சந்தலி போடாத இலையுதிர்காலத்தை எங்கள் ஊரான பிஹிஸாரில் யாரும் இலையுதிர்காலமாக மதிப்பதில்லை. அறையின் நடுவே தரையில் ஒரு குழி, குழியில் சாம்பல் மூடிய கங்கு, அதன் மேல் குட்டை மேசை, மேசைக்கு மேல் அறையில் பாதியை மூடுகிற ஒரு பஞ்சுப் போர்வை. நாலு பக்கமும் உட்கார்ந்து காலை உள்ளே நீட்டிப் போர்வையை மடிக்கு இழுத்துக்கொண்டால் வசந்தம் வரைக்கும் எழுந்திருக்க மனசு வராது. ஊரின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படி இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுக்கப்பட்டவைதான். ஆற்றுக்கு இன்னும் பாலம் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் உணர்ந்தது மாமியார் சனவ்பர். "ஏண்டி, காலை இவ்ளோ தூரமா நீட்டுவ?" என்றாள். "என் கால் இங்கதானே இருக்கு, அத்தை" என்றாள் முனிஸா. போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள். கங்கும் சாம்பலும் அவர்கள் இருவரின் கால்களும் மட்டும் இருந்தன. போர்வையை விட்டதும் ஜன்னல் பக்கத்தில் மறுபடியும் ஒரு ஜோடி. ஜன்னல் பக்கம் சனவ்பரின் மகன் குஷ்வக்தின் இடம். அவன் வாதுமை பூத்த சமயத்தில் ரஷ்யாவுக்குச் செங்கல் சுமக்கப் போயிருந்தான், இருமினாற்போல் பெயர் கொண்ட ஏதோ ஒரு ஊருக்கு. பிஹிப் பழம் மஞ்சளாவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். பழம் மஞ்சளாகி, அறை முழுக்க மணத்து, பாதி பழம் ஜாமும் ஆகிவிட்டது. சனவ்பர் தன் குதிகாலால் தடவிப் பார்த்தாள். வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறிக் கிடந்தது. "என் புள்ளதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

முனிஸாவுக்கு விரலைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் புதுப் பெண்டாட்டியோடு பெரியவர்கள் எதிரில் ஒரு வார்த்தை பேசினாலும் அது வெட்கக்கேடு. அதனால் கல்யாணமான முதல் இலையுதிர்காலம் முழுவதும் தம்பதிகள் போர்வைக்கு அடியில் காலால்தான் பேசிக்கொள்வார்கள். மேசைக்கு மேலே மாமனார் உலக அரசியல் பேசிக்கொண்டிருப்பார். கீழே ஒரு குடும்பமே நடந்துகொண்டிருக்கும். குஷ்வக்த் மேலே அதிகம் பேசத் தெரியாதவன், கீழே வாயாடி. ஒரு அழுத்தம் என்றால் தேநீர் போதும். பாதத்தின் மேல் பாதத்தை வைத்து அப்படியே விட்டுவிட்டால், இவர்களெல்லாம் எப்போது கிளம்புவார்கள் என்று அர்த்தம். அன்றும் அந்தக் கால் வந்து அவள் காலின் மேல் ஏறி அப்படியே கிடந்தது. முனிஸா குனிந்து அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்ததைச் சனவ்பர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ரஷ்யாவுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் எதையுமே திருப்பி அனுப்பவில்லை. இவன் காலையாவது அனுப்பியிருக்கிறான். பெண்கள் பஞ்சு அடிக்கவும் குளிர்காலத்துக்குத் தொங்கவிடும் முலாம்பழத்துக்கு நாணல் வலை பின்னவும் அக்ரூட் உடைக்கவும் முனிஸா வீட்டிலேயே கூடினார்கள். பூசணிக்காய் வைத்த சம்பூசா தந்தூரிலிருந்து சூடாக வரும். எல்லாரும் காலை உள்ளே நீட்டிக்கொண்டு, விரல்கள் அக்ரூட் தோலில் கறுக்கக் கறுக்க, இல்லாதவர்களைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேசுவார்கள். பக்கத்து வீட்டு ஸெபோ முதல் நாளே காலை நீட்டிச் சோதித்துவிட்டுச் சொன்னாள்: "கால் வந்துடுச்சு சரி. கை எப்ப வரும்? பூசணிக்காய் வெட்ட ஆளில்ல." பிறகு பெருமூச்சு விட்டாள். "என்னோடது முழுசா வந்துச்சு, முனிஸா. உன் பாதி எவ்வளவோ தேவல. வாயில்லாத பாதி."

முனிஸா கம்பளி நூலில் நீளக் காலுறை பின்னிப் போர்வைக்கு அடியில் வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை. வசந்தத்தில் சந்தலியைப் பிரித்தபோது கால்கள் போயிருந்தன. காலுறைகள் சாம்பலில் கிடந்தன, கட்டைவிரல் பக்கம் ஓட்டையோடு. அவள் அவற்றைத் துவைத்து, ஓட்டையைத் தைத்து, பிஹிப் பழங்களோடு பெட்டியில் வைத்தாள். அந்த வசந்தத்தில் அவளைப்போலச் சந்தோஷமான பெண் ஸரஃப்ஷான் ஆற்றின் கரையில் யாரும் இல்லை என்பது என் கணிப்பு. கால் வருகிறதென்றால் ஆள் பின்னால் வராமலா இருப்பான் என்று அவள் நினைத்தாள். உடம்பு எப்போதும் காலைப் பின்தொடர்ந்துதானே வந்திருக்கிறது.

அடுத்த வருடம் அவனிடமிருந்து போன் வருவது குறைந்தது. பிறகு ஒருநாள், அவள் முற்றத்தில் பெரிய தேக்சாவில் பிஹி ஜாம் கிண்டிக்கொண்டிருந்தபோது, போன் வந்தது. கை ஒட்டும் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டாள். குஷ்வக்த் அவளைத் தலாக் சொன்னான், மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கி. அங்கே ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கட்டிக்கொண்டால் அங்கேயே தங்கக் காகிதமெல்லாம் சரியாகிவிடும், கோபித்துக்கொள்ளாதே என்றான். பிறகு அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். முனிஸா கரண்டியை நிறுத்தவில்லை. ஆனால் எந்தப் பக்கம் கிண்டுகிறோம் என்பதை மறந்துவிட்டாள், ஜாம் அடிப்பிடித்தது. அன்று மாலை சந்தலிக்குக் கங்கு போட்டார்கள். ஜன்னல் பக்கத்தில் கால்கள் வந்தன. வந்து, எதுவும் நடக்காததுபோல், அவள் கால்மேல் ஏறிக் கிடந்தன. கால்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லைபோலும்.

இதற்குமேல் மஹல்லாவின் ரயீஸான, அதாவது தலைவரான, ஹைதரோவால் சும்மா இருக்க முடியவில்லை. ரயீஸ் ஹைதரோவ் கமிஷன் அமைப்பதற்கென்றே பிறந்தவர். ஒருமுறை தெருநாய் குரைப்பதை ஆராயக் கமிஷன் அமைத்தார். அறிக்கை வந்தபோது நாய் செத்துப்போயிருந்தது. இப்போது அவரும் முல்லா இஸ்மத்தும் தோல்பையோடு வந்து சந்தலியில் உட்கார்ந்தார்கள். விவாகரத்தான ஆணும் பெண்ணும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டலாகாது, கால் தனியாக வந்திருந்தாலும் சட்டம் காலுக்கும் பொருந்தும் என்றார் முல்லா. ரயீஸ் போர்வையைப் பார்த்துத் தொண்டையைச் செருமி, "மரியாதைக்குரிய குஷ்வக்த் அவர்களின் கால்களே" என்று ஆரம்பித்தார். குடும்பம், ஒழுக்கம், மாவட்டத்தின் முன்னேற்றம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோதே சூடு அவர் முழங்காலுக்கு ஏறியது. பாதி வாக்கியத்தில் குறட்டை வந்தது. கால்கள் கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டன. குஷ்வக்த் எப்போதுமே பெரியவர்களுக்கு இடம் விடுகிறவன்.

விழித்தெழுந்த ரயீஸ், முனிஸா தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதே முறை என்றார்.

"அவ போனா நானும் கூடப் போறேன்" என்றாள் சனவ்பர். "இந்த வீட்டை உங்க கமிஷனே வச்சுக்கட்டும். கங்கு போட, சாம்பல் அள்ள, எனக்கு முட்டி தேய்க்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெம்பர் அனுப்புங்க ரயீஸ்."

ரயீஸ் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். முடிவில் ஒரு தீர்ப்பு வந்தது. இப்படியொரு தீர்ப்பு சந்தலி உள்ள ஊரில் மட்டும்தான் வரமுடியும். மேசைக்கு அடியில், ஜன்னல் பக்கத்தைத் தனியாகத் தடுத்து ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அவன் கால், இந்தப் பக்கம் இவள் கால். போர்வை ஒன்றானாலும் வீடு இரண்டு. முல்லா இது போதும் என்றார். தச்சர் வந்து அடித்தபோது குழிக்குள் இறங்கி ஆணியைப் பிடித்துக் கொடுத்தவள் முனிஸாதான். "இன்னும் ஒண்ணு அடிங்க" என்று மட்டும் சொன்னாள். கங்கு பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தது. பலகை போட்டால் அந்தப் பக்கம் சூடு போகாது என்பது கமிஷனில் யாருக்கும் தோன்றவில்லை. முனிஸாவுக்குத் தோன்றியிருக்கலாம். அதை நான் கேட்கவில்லை.

பனி கெட்டிப்பட்ட பிறகு ஸுஹ்ரோப் ஊருக்கு வந்தான். அங்கே குஷ்வக்தோடு ஒரே அறையில் இருந்தவன். சந்தலியில் உட்கார்ந்து, ஓசியில் கிடைத்த சம்பூசாவைத் தின்றபடி பேசினான். "அத்தை, உங்க பையன் காலு அதிசயக் காலு. போன குளிர்ல நாங்கள்லாம் விறைச்சுப்போய்க் கிடக்கறோம், அவன் காலு மட்டும் தந்தூர்லேந்து எடுத்த ரொட்டி மாதிரி இருக்கும். ஈரச் சாக்ஸையெல்லாம் அவன் கால்மேலதான் காயப்போடுவோம்." சிரித்துவிட்டு நிறுத்தினான். "இந்த வருஷம் என்ன ஆச்சோ தெரியல. திடீர்னு ஒருநாள் ஜில்லுனு போயிடுச்சு. நீலம் பாரிச்சிருக்கு. டாக்டர் கணுக்கால் வரைக்கும் எடுக்கணுங்கறான். கால் போச்சுன்னா வேலை போச்சு, வேலை போச்சுன்னா அந்தம்மாவும்…" அதற்குமேல் சொல்லாமல் இன்னொரு சம்பூசாவை எடுத்தான்.

அவன் போனபின் சனவ்பர் தேநீர்க் கிண்ணங்களை ஒதுக்கிவைத்தாள். சனவ்பர் தன் வாழ்க்கையில் மருமகளிடம் எதையும் கெஞ்சியதில்லை. மாமியார்களுக்கு அது பழக்கமில்லை. "முனிஸா, அவன் நாய்தான். நானே சொல்றேன், நாய். ஆனா காலு என் வயித்துல கெடந்து என்னை உதைச்ச காலுடி" என்றாள். முனிஸா, "நான் ஆணி பிடிச்சுக் கொடுத்தேன், அத்தை" என்றாள்.

மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, முனிஸா கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். தச்சர் நல்ல தச்சர். ஆணிகள் லேசில் வரவில்லை. பலகையைப் பிடுங்கி முற்றத்தில் போட்டுப் பிளந்து, எரித்து, கரியாக்கி, அந்தக் கரியையே கங்காக ஜன்னல் பக்கம் ஒதுக்கிப் போட்டாள். பிறகு போர்வையைச் சரிசெய்து, மாமியாரை உட்காரவைத்து, தான் கதவோரம் போய் வெறும் தரையில் ஒரு மணை போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் காலும் கூடாது என்பதுதான் முல்லா சொன்ன சட்டம். ஒருவர் கால் வெளியே இருக்க வேண்டும் என்றால், அவளுடைய காலை யாரும் வெட்டப் போவதில்லை. அவள் சொன்ன காரணம் அவ்வளவுதான். ரயீஸ் இதைக் கேள்விப்பட்டுக் கமிஷனின் முழு வெற்றி என்று மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

மூன்றாம் நாள் சனவ்பர் அக்ரூட்டை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். "முனிஸா. கால் சும்மா இருக்க மாட்டேங்குது. சுத்திச் சுத்தி வருது."

"சூடு ஏறியிருக்கும், அத்தை."

"தேடுறான்டி. உன் காலைத் தேடுறான். என் கால்ல இடிச்சிட்டு, இல்லன்னு தெரிஞ்சு திரும்பிப் போறான்."

முனிஸா பின்னிக்கொண்டிருந்த காலுறையின் கண்ணிகளை எண்ணினாள், விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "சாம்பலைக் கிளறாம இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

கால்கள் பிழைத்தன. அடுத்த வசந்தத்தில் குஷ்வக்த் அம்மாவுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னான்: டாக்டரே ஆச்சரியப்பட்டுவிட்டார், எல்லாம் இங்கே இவள் வாங்கிக் கொடுத்த பூட்ஸ்தான் காரணம், உள்ளே ஆட்டுரோமம் வைத்தது, போட்ட மறுநாளே சூடு திரும்பிவிட்டது, தங்கமானவள். போன் ஒலிபெருக்கியில்தான் இருந்தது. "பூட்ஸாவது மண்ணாவது, டேய்…" என்று சனவ்பர் ஆரம்பித்தபோது முனிஸா எட்டிப் போனை வாங்கி அணைத்தாள்.

"ஏண்டி? தெரியட்டுமே! யாரு சூட்டுல நிக்கறான்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

"சொல்லாதீங்க, அத்தை" என்றாள் முனிஸா. "தெரிஞ்சா வெட்கப்பட்டுக்கிட்டு காலை எடுத்துக்குவாரு."

சனவ்பர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை அவள் சொல்லவில்லை. ரயீஸ் ஓய்வு பெற்று, தன் ஓய்வைப் பற்றி ஒரு கமிஷன் அமைக்க முயன்று தோற்றார். குஷ்வக்துக்கு அங்கே பிள்ளைகள் இருப்பதாகவும், தலை நரைத்துவிட்டதாகவும், காலை மட்டும் எல்லாரும் மெச்சுவதாகவும் கேள்வி. முனிஸாவை அண்ணன் இரண்டுமுறை வந்து கூப்பிட்டான். முலாம்பழம் கட்டித் தொங்கவிடும் நேரம், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள். இப்போதும் இலை உதிரும் காலத்தில் பெண்கள் அவள் வீட்டில்தான் பஞ்சு அடிக்கிறார்கள், பூசணிக்காய் சீவுகிறார்கள், ஊரை அலசுகிறார்கள். மூன்று பக்கமும் காலை நீட்டிக்கொள்வார்கள், ஜன்னல் பக்கத்தை விட்டுவிடுவார்கள். புதிதாக வந்த மருமகளுக்குக்கூட அதை யாரும் விளக்குவதில்லை, அங்கே ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். முனிஸா கதவோரம் கோட்டோடு உட்கார்ந்து பின்னுவாள். கங்கு தணிந்தால் எழுந்து வந்து, குளிர் காற்று பட்டுவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கத்துப் போர்வையைத் தூக்காமல், எதிர்ப்பக்கமாகக் கையை விட்டுக் கரி போடுவாள்.